கணையத்தோடு விளையாடாதே!

1940, மார்ச் 6. நியூயார்க்கில் பிரெஸ்பிடேரியன் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர். டாக்டர் ஆலன் விப்பிள் அன்றைக்கு ஒரு இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷன் செய்வதாக ஏற்பாடு. அதைப் பார்க்க வெளியூர் சர்ஜன்கள் சிலரும் வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

வயிற்றைத் திறந்து கையை உள்ளே விட்டுத் தடவிய விப்பிளுக்கு அதிர்ச்சி! கட்டி இரைப்பையில் இல்லை. அதற்குப் பின்னால், கணையத்தின் தலையில் உட்கார்ந்திருந்தது!

அன்றைய வழக்கப்படி அவர் வயிற்றை மூடிவிட்டு வெளியே வந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது, ஐந்து வருஷம் முன்பு அவரே எழுதிவைத்த முறைப்படி, பாதி வேலையை இன்றைக்கு முடித்து, மீதியைச் சில வாரம் கழித்துச் செய்யலாம். விப்பிள் இரண்டையும் செய்யவில்லை. நோயாளிக்கு மஞ்சள் காமாலை இல்லை, ரத்தம் ஒழுங்காக உறையும்... அப்புறம் என்ன? கணையத்தின் தலை, அதைச் சுற்றி வளைந்திருக்கும் முன்சிறுகுடல், இரைப்பையின் கீழ்ப் பகுதி... எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டி எடுத்தார். அறுந்து நின்ற முனைகளை ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்டார்.

நோயாளி பிழைத்தார். அதுவும் ஒன்பது வருஷம்!

இன்றைக்கும் உலகம் பூராவும் கணையப் புற்றுநோய்க்குச் செய்யப்படும் ஆபரேஷனுக்கு 'விப்பிள்' என்றுதான் பெயர். ஆனால் அந்த ஆபரேஷன் பிறந்த கதையும், பிறந்த பிறகு 'இதைச் செய்யலாமா, கூடாதா' என்று டாக்டர்களே ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறையாகச் சண்டை போட்ட கதையும் நம்மில் பலருக்குத் தெரியாது.

முதலில் கணையம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இதயம் எங்கே என்றால் குழந்தைகூட நெஞ்சில் கைவைத்துக் காட்டும். கணையம்? இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்காகப் படுத்திருக்கும் ஒரு சாண் நீளச் சமாசாரம். தலை வலதுபக்கம், வால் இடதுபக்கம் மண்ணீரலைத் தொட்டபடி. கல்லீரலிலிருந்து வரும் பித்தக்குழாய் இந்தத் தலை வழியாகத்தான் இறங்குகிறது. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும், கொண்டுவரும் பெரிய குழாய்கள் அதன் கழுத்துக்குப் பின்னால் உரசிக்கொண்டு ஓடுகின்றன. அதாவது, நான்கு பெரிய சாலைகள் சந்திக்கும் இடத்தில் கட்டிய வீடு!

இது போதாதென்று, கணையத்துக்கு இன்னொரு குணம். நாம் சாப்பிடும் இறைச்சியைக் கரைக்கும் சாறு இங்கேதான் சுரக்கிறது. கணையத்தில் கத்தி பட்டு அந்தச் சாறு கசிந்தால், நம் சொந்தச் சதையையே அது 'ஜீரணம்' பண்ண ஆரம்பித்துவிடும். 'கிடைத்தபோது சாப்பிடு, கிடைத்தபோது தூங்கு, கணையத்தோடு மட்டும் விளையாடாதே' என்று சர்ஜரி படிக்கும் மாணவர்களுக்கு அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் வேடிக்கையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். வேடிக்கை பாதிதான்!

இந்த மறைவிடத்தில் கட்டி வந்தால் சீக்கிரத்தில் தெரியாது. தலையில் வந்தால் பித்தக்குழாயை நெரிக்கும், கண் மஞ்சளாகும். வலி இருக்காது. நம்மூரில் காமாலை என்றாலே கீழாநெல்லியும் பத்தியமும்தானே? வைரஸால் வந்த காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகும், கீழாநெல்லிக்குப் பெயர் கிடைக்கும். ஆனால், வயதானவருக்கு வலியில்லாமல் காமாலை வந்து, நாளுக்கு நாள் கூடி, உடம்பும் இளைத்தால்... அங்கே பத்தியம் சாப்பிடும் ஒவ்வொரு வாரமும் கட்டிக்குத்தான் லாபம்.

சரி, கதைக்கு வருவோம்.

கணையத்தில் முதலில் கைவைக்கத் துணிந்தவர்கள் வால் பக்கமாகத்தான் போனார்கள். 1882-ல் ஜெர்மனியின் டிரெண்டலன்பர்க் வால் பகுதியிலிருந்த கட்டியை எடுத்தார். நோயாளி ஆபரேஷனைத் தாங்கினார், ஆனால் சில வாரங்களில் போய்ச் சேர்ந்தார். தலைப்பக்கம் போக இன்னும் 16 வருஷம் ஆனது. 1898-ல் இத்தாலியின் இமோலா நகரில் அலெஸ்ஸாண்ட்ரோ கோடிவில்லா என்பவர் கணையத் தலையையும் முன்சிறுகுடலையும் சேர்த்து எடுத்தார். அந்த நோயாளியும் ஒரு மாதம் தாண்டவில்லை. மனம் வெறுத்தாரோ என்னவோ, பிற்காலத்தில் கோடிவில்லா பேர் வாங்கியது எலும்பு வைத்தியத்தில்! அதே வருஷம் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட், பித்தக்குழாய் குடலில் திறக்கும் வாயில் இருந்த ஒரு சின்னக் கட்டியை மட்டும் சுரண்டி எடுத்தார். கட்டி திரும்ப வந்துவிட்டது.

கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வருகிறது. சுற்றியுள்ளதையும் சேர்த்து எடுத்தால் நோயாளி சாகிறார். இதுதான் அன்றைய நிலைமை.

1909-ல் பெர்லினில் வால்தர் கௌஷ் ஒரு யோசனை பண்ணினார். நோயாளிகள் சாவது கட்டியால் அல்ல, காமாலையால் அல்லவா? காமாலை முற்றியவர்களுக்கு ரத்தம் உறைவதில்லை. கத்தி வைத்த இடமெல்லாம் கசிந்துகொண்டே இருக்கும். அப்படியானால் முதலில் காமாலையை வடியவிடுவோம், கட்டியை அப்புறம் பார்த்துக்கொள்வோம்! பித்தப்பையைக் குடலோடு இணைத்து, பித்தம் போக மாற்றுப்பாதை போட்டார். இரண்டு மாதம் காத்திருந்தார். பிறகு வயிற்றை மறுபடி திறந்து கணையத் தலையை எடுத்தார். நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போனார். சுமார் ஒன்பது மாதம் கழித்து, பித்தக்குழாயில் சீழ் பிடித்து இறந்தார்.

கௌஷ் இதை 1912-ல் எழுதினார். ஆனால் இரண்டு வருஷத்தில் முதல் உலகப் போர் வந்தது. அதற்கப்புறம் இந்த ஆபரேஷனை அங்கே ஒருவர் இங்கே ஒருவர் எப்போதோ முயன்றதோடு சரி.

இப்போது விப்பிள். ஆள் பிறந்தது அமெரிக்காவில் இல்லை, பாரசீகத்தில்! இன்றைய ஈரானின் உர்மியா நகரத்தில், 1881-ல், கிறிஸ்துவ மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். அந்த மண் கடைசிவரை மனசை விட்டுப் போகவில்லை. ஓய்வுபெற்ற பிறகு, மருத்துவ வரலாற்றில் நெஸ்டோரியன் கிறிஸ்துவர்களும் முஸ்லிம்களும் ஆற்றிய பங்கைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அது வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

(ஒரு சின்ன எச்சரிக்கை: 'விப்பிள் நோய்' என்று ஒன்று உண்டு. அது நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் விப்பிள் கண்டுபிடித்தது. ஆள் வேறு, நோயும் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்!)

விப்பிள் பற்றி இன்னொரு சங்கதியும் சொல்லவேண்டும். அவரிடம் சர்ஜரி பயிற்சி முடித்த ஒரு பெண் டாக்டரைக் கூப்பிட்டு, 'சர்ஜரி வேண்டாம், மயக்க மருந்துத் துறைக்குப் போ' என்று திருப்பிவிட்டார். பெண் சர்ஜன்கள் பிழைக்க முடியாத காலம் அது என்பது அவர் கணக்கு. நியாயமா என்றால், இல்லைதான். அந்தப் பெண் வர்ஜீனியா ஆப்கர். குழந்தை பிறந்த நிமிஷமே நாடித்துடிப்பு, மூச்சு, நிறம் எல்லாம் பார்த்து மார்க் போடுகிறார்களே, அந்த 'ஆப்கர் ஸ்கோர்' அவர் தந்ததுதான்!

1935-ல் விப்பிளும் அவர் சகாக்கள் இருவரும் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மூன்றே மூன்று! முதல் நோயாளி ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் தாண்டவில்லை. காரணம் என்ன தெரியுமா? தையல் நூல்! அந்தக் காலத்தில் உள்தையலுக்கு 'கேட்கட்' நூல்தான். பெயரில்தான் பூனை, சமாசாரம் ஆட்டுக்குடல். கணையச் சாறு இறைச்சியைக் கரைக்கும் என்று பார்த்தோமே... ஆட்டுக்குடல் நூலை விடுமா? போட்ட தையலை அப்படியே தின்றுவிட்டது! அடுத்த இரண்டு பேருக்கும் விப்பிள் பட்டு நூலைப் பிடித்தார். தையல் நின்றது. ஒருவர் சில மாதங்களும் இன்னொருவர் சுமார் இரண்டு வருஷமும் வாழ்ந்தார்கள். இரண்டு ஆபரேஷனுக்கு நடுவில் சில வாரம் இடைவெளி, அதாவது கௌஷ் காட்டிய அதே வழி.

அந்த இடைவெளியை ஒழித்துக்கட்டியது ஒரு கோழிக்குஞ்சு என்றால் நம்புவீர்களா? டென்மார்க்கில் ஹென்ரிக் டாம் என்பவர் கொழுப்பு நீக்கிய தீனியைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். குஞ்சுகளுக்கு உடம்புக்குள்ளே ரத்தம் கசிந்தது. உறையவே இல்லை. தீனியில் என்னவோ ஒன்று குறைகிறது என்று தேடிக்கொண்டே போய்ப் பிடித்ததுதான் வைட்டமின் கே. அது குடலில் சேர்வதற்குப் பித்தம் வேண்டும். பித்தக்குழாய் அடைத்தால் பித்தம் குடலுக்கு வராது, வைட்டமின் கே சேராது, ரத்தம் உறையாது. காமாலை நோயாளிகள் கத்தி பட்டதும் கசிந்து செத்த மர்மம் அவிழ்ந்தது. 1940 வாக்கில் ஊசியாகவே கொடுக்க முடிந்தது. காமாலை வடியக் காத்திருக்க வேண்டியதில்லை!

ஆக, அந்த மார்ச் மாதத்தில் ஒரே மூச்சில் விப்பிள் செய்தது வெறும் துணிச்சல் இல்லை. அதற்கான காலமும் கனிந்திருந்தது. தவிர, அவருக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. அந்த நோயாளிக்கு இருந்தது வழக்கமான கணையப் புற்று அல்ல. இன்சுலின் சுரக்கும் திட்டுகள் இருக்கின்றனவே, அந்தச் செல்களில் வரும் மந்தமான வகை. ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-ல் கண்டுபிடித்ததும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். டாக்டர்கள் உடனே ஆபரேஷன் என்றார்கள். அவரோ பழச்சாறு, பத்தியம் என்று ஒன்பது மாதம் ஓட்டிவிட்டு 2004-ல்தான் படுத்தார். அதற்கப்புறமும் ஏழு வருஷம் வாழ்ந்தார். வழக்கமான வகையில் அத்தனை வருஷம் கிடைப்பது அபூர்வம்.

ஆபரேஷன் வந்துவிட்டது. அடுத்து என்ன? எவ்வளவு வெட்டுவது என்ற சண்டை ஆரம்பித்தது.

ஆபரேஷனின் பலவீனம் ஒரே இடத்தில்தான். பித்தக்குழாயைக் குடலோடு தைக்கலாம். இரைப்பையைக் குடலோடு தைக்கலாம். மிச்சமிருக்கும் கணையத்தைத் தைப்பதுதான் பெரும்பாடு. வெண்ணெயில் ஊசி ஏற்றுகிற மாதிரி! விப்பிள் ஆரம்பத்தில் கணையத்தின் வெட்டுவாயைக் கட்டி மூடிவிட்டார். சாறு கசிந்தது. பிறகு அதைக் குடலோடு இணைத்தார்கள். மேயோ கிளினிக்கில் 1946-ல் இரைப்பையோடு இணைத்துப் பார்த்தார்கள். இன்றுவரை 'என் தையல்தான் ஒழுகாது' என்று ஆளுக்கொரு வழி உண்டு. ஜெர்மனியில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து இந்த இரண்டு இணைப்புகளையும் ஒப்பிட்டு 2016-ல் முடிவு சொன்னார்கள். பெரிய வித்தியாசமில்லை!

'தைத்தால்தானே ஒழுகும்? மொத்தக் கணையத்தையும் எடுத்துவிட்டால்?' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1943-ல் ராக்கி என்பவர் அதையும் செய்தார். நோயாளி பிழைக்கவில்லை. பிற்பாடு பிழைத்தவர்களுக்கோ, இன்சுலின் துளிகூட இல்லாத மூர்க்கமான சர்க்கரை வியாதி. ஒருவேளை ஊசி அதிகமானால் மயக்கம், குறைந்தால் ஆபத்து. புற்றிலிருந்து தப்பியும் நிம்மதி இல்லை.

1973-ல் நியூயார்க்கின் ஜோசப் ஃபோர்ட்னர் இன்னும் ஒருபடி மேலே போனார். கணையத்தோடு, பக்கத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாயையும் சுற்றியுள்ள நிணநீர்க் கட்டிகளையும் வாரிக்கொண்டு எடுப்பது அவர் முறை. நோயாளிகளால் தாங்க முடியவில்லை. நிணநீர்க் கட்டிகளை அகலமாக வாரினால் ஆயுள் நீளுமா என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி சீட்டுக் குலுக்கிப்போட்டு ஒப்பிட்டு 2002-ல் சொன்னது: நீளவில்லை, தொந்தரவுதான் கூடியது. ஆனாலும் ஃபோர்ட்னரை முழுசாகத் தள்ளிவிட முடியாது. கட்டி ரத்தக்குழாயில் ஒட்டியிருந்தால் அந்தத் துண்டையும் வெட்டி ஒட்டுவது இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகிவிட்டது.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 1978-ல் கலிஃபோர்னியாவின் டிராவர்சோ, லாங்மயர் இருவரும், 'இரைப்பையை எதற்கு வெட்டவேண்டும்? அதன் வாசல் கதவு அப்படியே இருக்கட்டுமே' என்றார்கள். நோயாளி ஒழுங்காகச் சாப்பிட்டு எடை கூடுவார் என்பது எண்ணம். புற்று அதனால் சீக்கிரம் திரும்புகிறதா? ஒப்பீடுகளில் அப்படித் தெரியவில்லை. இந்தச் சண்டையில் வெட்டாதவர்கள் தோற்கவில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால், எல்லாச் சண்டைக்கும் அடியில் வேறொரு கேள்வி இருந்தது. அதை வாய்விட்டுக் கேட்டவர் ஜார்ஜ் கிரைல் ஜூனியர். கிளீவ்லண்ட் கிளினிக்கை நிறுவியவர்களில் ஒருவரின் மகன். மார்பகப் புற்றுநோய்க்கு மார்பு முழுவதையும் வாரி எடுப்பது அநாவசியம் என்று சொல்லி, சக சர்ஜன்களின் கோபத்தைச் சம்பாதித்தவர். 1970-ல் அவர் கணையத்துக்கு வந்தார். விப்பிள் ஆபரேஷன் செய்துகொண்ட ஐந்தில் ஒருவர், சில இடங்களில் நான்கில் ஒருவர், ஆஸ்பத்திரியிலேயே இறந்துகொண்டிருந்த காலம் அது. பிழைத்தவர்களிலும் ஐந்து வருஷம் தாண்டியவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான். கட்டியை விட்டுவிட்டு, காமாலை வடிய மாற்றுப்பாதை மட்டும் போட்டால்? அவர்களும் ஏறக்குறைய அதே காலம்தான் வாழ்கிறார்கள், அதுவும் வீட்டில், கஷ்டம் குறைவாக. அப்புறம் எதற்கு இந்த ஆபரேஷன்?

கோபப்பட்டார்கள். ஆனால் பதில் சொல்ல முடியவில்லை. நோயாளிக்கு ஆறு மாதம்தான் என்றால், அதில் இரண்டு மாதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் செலவழிக்கச் சொல்ல டாக்டருக்கு என்ன உரிமை? கணக்கு அவர் பக்கம் இருந்தது. பல ஊர்களில் விப்பிள் ஆபரேஷனைக் கைவிட்டார்கள்.

அந்தக் கணக்கை மாற்றியது புதிய தையல் இல்லை, புதிய கத்தியும் இல்லை. பழக்கம்! 1968-லேயே ஜான் ஹோவர்ட் என்பவர் வரிசையாக 41 பேருக்கு ஒரு சாவும் இல்லாமல் செய்துகாட்டியிருந்தார். அதைத் தனிமனிதத் திறமை என்று ஒதுக்கிவிட்டார்கள். அப்புறம் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் கேமரூன் வந்தார். இந்த ஆபரேஷனையே ஒரு தவமாக வைத்துக்கொண்டார். அதே நர்ஸ்கள், அதே மயக்க மருந்து டாக்டர்கள், அதே வார்டு. கசிவு வந்தால் முதல் மணி நேரத்திலேயே கண்டுபிடிக்கும் கண்கள். 1993-ல் அந்த ஆஸ்பத்திரி, வரிசையாக 145 பேர், ஒருவர்கூட இறக்கவில்லை என்று எழுதியது. கிரைல் அதைப் படிக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் அவர் காலமானார். 2006-ல் கேமரூனின் சொந்தக் கணக்கு 1,000 ஆபரேஷன், சாவு நூற்றுக்கு ஒன்று. 2015-ல் 2,000! (விப்பிள் தன் வாழ்நாளில் செய்தது மொத்தம் 37.)

2002-ல் அமெரிக்க முதியோர் காப்பீட்டுக் கணக்கை அலசியபோது உண்மை பளிச்சென்று தெரிந்தது. கணைய ஆபரேஷன் எப்போதோ ஒன்று நடக்கும் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 16 பேர் இறந்தார்கள். வருஷத்துக்கு 16-க்கு மேல் செய்யும் இடங்களில் 4 பேருக்கும் குறைவு. ஆபரேஷன் ஒன்றேதான், இடம்தான் வேறு! 'டாக்டர், நீங்க வருஷத்துக்கு எத்தனை விப்பிள் பண்றீங்க?' என்று கேட்க நம்மூரில் கூச்சப்படுவோம். கேட்டால் கோபிப்பாரோ என்று பயம். நிறையச் செய்கிறவர் கோபிக்க மாட்டார்.

1994-ல் கனடாவின் மிஷல் காஞியே, வயிற்றைத் திறக்காமல், துளைகள் போட்டு, லேப்பராஸ்கோப் வழியாகவே இந்த ஆபரேஷனைச் செய்ததை எழுதினார். மணிக்கணக்கில் பிடித்தது. 'முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டுமா' என்று பழைய கேள்வி புது உடுப்பில் திரும்பி வந்தது. இதற்கு முதல் சீட்டுக் குலுக்கல் ஒப்பீட்டைச் செய்தவர்களில் நம் கோயம்புத்தூரும் உண்டு. டாக்டர் பழனிவேலுவின் ஜெம் ஆஸ்பத்திரி, 64 நோயாளிகள், 2017-ல் முடிவு. துளை வழி செய்துகொண்டவர்கள் 7 நாளில் வீடு போனார்கள், வயிறு திறந்தவர்கள் 13 நாள்.

உடனே எல்லாரும் துளைக்குத் தாவிவிடலாமா? நெதர்லாந்தில் தாவினார்கள். பயிற்சி கொடுத்து, நான்கு ஆஸ்பத்திரிகளில் ஒப்பிட்டார்கள். துளை வழிப் பிரிவில் 50 பேரில் 5 பேர் சிக்கலால் இறந்தார்கள். திறந்த வயிற்றில் 49-ல் ஒருவர். பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு 2019-ல் வெளியானது. அதன்பின் சீனாவில் 656 பேரை வைத்துப் பார்த்தார்கள். அங்கே ஒரு நிபந்தனை: குறைந்தது 104 ஆபரேஷனை இந்த முறையில் செய்த சர்ஜன்களுக்கு மட்டுமே அனுமதி. 2021-ல் வந்த முடிவில் சாவு இரு பக்கமும் சமம். லாபம்? 16 நாளுக்குப் பதில் 15 நாள்.

இதற்கிடையே, கிரைலின் கணக்கை நிஜமாகவே திருப்பிப்போட்டது கத்தி இல்லாத இன்னொரு கூட்டம். 2018-ல் பிரான்சும் கனடாவும் சேர்ந்து, ஆபரேஷன் முடிந்து தேறியவர்களுக்கு மூன்று, நான்கு மருந்துகள் கலந்த கடுமையான கீமோதெரபி கொடுத்தார்கள். பழைய ஒற்றை மருந்தில் சராசரியாக 35 மாதம் வாழ்ந்த இடத்தில், இவர்கள் 54 மாதம் வாழ்ந்தார்கள். ஆனால் இந்த வரிசையில் நிற்பதற்கே முதலில் ஆபரேஷனுக்குத் தகுதி வேண்டும். கணையப் புற்று கண்டுபிடிக்கப்படும் ஐந்து பேரில் நாலு பேருக்கு, அந்த நாளிலேயே, கத்தி வைக்கும் கட்டம் தாண்டிப் போயிருக்கிறது. இப்போது சில இடங்களில் கீமோவை முதலில் கொடுத்து, கட்டி சுருங்கினால் ஆபரேஷன் என்று வரிசையை மாற்றிப் பார்க்கிறார்கள். முதலில் ஒன்று, காத்திருந்து அப்புறம் இன்னொன்று... பெர்லினில் 1909-ல் கௌஷ் செய்ததும் அதைத்தானே!